வழக்கம் போல பத்து பிரிண்ட்

டக்… டக்… டக்.

கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளிருந்து யாரோ நகத்தால் தட்டுவது போலச் சத்தம். கிருஷ்ணப்பிரியா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். திரை நீலமாகி, அப்படியே நின்றுவிட்டது.

கொரட்டூர் ஸ்டேஷன் எதிர்ச் சந்தில் பதினோரு வருடமாக அவளுடைய டி.டி.பி. கடை இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூடக் கேள்வித்தாள், வரன் தேடுகிறவர்களின் பயோடேட்டா எல்லாமே அந்த ஒரு பெட்டிக்குள்தான்.

போன் செய்த அரை மணியில் மெக்கானிக் கஜபதி வந்தார். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, தன் லேப்டாப்பில் ஒயர் போட்டு மாட்டி, காதருகே பிடித்துக் கேட்டார்.

"போன தீபாவளிக்கே சொன்னேனா இல்லியா? இது மண்டையப் போடப் போவுது, மாத்திடுன்னு. கேட்டியாம்மா?"

"திட்றத அப்புறம் திட்டு, அண்ணாத்தே. பொழைக்குமா?"

"எஸ்.எஸ்.டி.ன்னு புச்சா டிஸ்க்கு கொணாந்துகீறேன். போட்டா மிஷினு பறக்கும், சத்தமே வராது. ஆனா உள்ள கீறது போனா போனதுதான். இதுக்கு இன்னும் கால் மணி உசிரு கீது. எத்த மொதல்ல எடுக்கட்டும்?"

அவள் யோசிக்கவே இல்லை. "பயோடேட்டா."

கஜபதி கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "பதினோரு வருசத்துப் பத்திரிகை டிசைனு கீது. அத்த உட்டுட்டு ஊர்ல கீற மாப்ளைங்கள காப்பாத்தப் போறியா?"

"எடு அண்ணாத்தே."

எல்லா மாப்பிள்ளைகளும் வேண்டாம். ஒருவன் போதும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

நாகேந்திரன். ஆவடி தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் தனி வாசம். நான்கு வருடம் முன்பு, மழையில் ரயில் நின்றுபோன ஒரு சனிக்கிழமை, இறங்கிக் கடைக்குள் ஒதுங்கினான். சும்மா நிற்கக் கூச்சப்பட்டு, அக்கா எழுதிக் கொடுத்திருந்த தாளை நீட்டி, "இதை அடிச்சுத் தர முடியுமாங்க? பத்து பிரிண்ட்" என்றான்.

அதன்பின் அவன் வருவது நிற்கவில்லை. வயது ஒன்று கூடியது, சம்பளம் மாறியது, குவார்ட்டர்ஸ் பிளாக் மாறியது. ஒவ்வொன்றுக்கும் ரயிலேறி வந்தான். ஒவ்வொரு முறையும் பத்து பிரிண்ட்.

ஒருநாள், அவன் இருக்கும்போதே கடைக்கு வந்த அவளுடைய சித்தி, "ஏழே மாசத்துல புருசன உட்டுட்டு வந்து, கோர்ட்டு பேப்பரும் வாங்கிட்டா. இப்ப ஊரான் கல்யாணத்துக்கு அடிச்சுக்கினு கீறா" என்று அலுத்துக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமையே அவன் வந்து, எதிர்பார்ப்பு என்ற இடத்தில் இருந்த 'முதல் மணம் மட்டும்' என்ற வரியை எடுத்துவிடச் சொன்னான். அந்த வரி இருந்த வெற்றிடத்தை அவள் இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஒருமுறை பென் டிரைவ் கொண்டுவந்தான். "வைரஸ் இருக்கும், போட மாட்டேன்" என்று பொய் சொன்னாள். பயோடேட்டா அவள் கடையில் இருக்கும்வரைதான் அவன் வருவான். வாட்ஸ்அப்பில் அனுப்பட்டுமா என்று அவள் கேட்டதில்லை. அனுப்புங்கள் என்று அவனும் கேட்டதில்லை.

கஜபதியின் லேப்டாப்பில் பெயர்கள் ஆங்கில எழுத்து வரிசையில் ஏறின. அசோக் வந்தான். கோகுல்நாத் வந்தான். ஜெயப்பிரியா பாதியில் நின்றாள்.

டக்… டக்… அப்புறம் ஒன்றுமில்லை.

"அவ்ளோதாம்மா. பூட்ச்சு."

"இன்னொரு வாட்டி போட்டுப் பாரேன்!"

"செத்தவன எழுப்பச் சொல்றியே." அவள் முகத்தைப் பார்த்தவர் குரலைத் தணித்தார். "யாருது இல்லாம பூட்ச்சு?"

அவள் துணியை எடுத்து மேஜையைத் துடைக்க ஆரம்பித்தாள். புது டிஸ்க்கைப் பொருத்தி, தமிழ் எழுத்துருக்களை ஏற்றிவிட்டு அவர் கிளம்பினார்.

மாலை ஐந்து மணி ரயிலில் நாகேந்திரன் வந்தான்.

"என்னங்க, மிஷின் இவ்ளோ அமைதியா இருக்கு?"

"ஹார்டு டிஸ்க் போயிருச்சு. மாத்தியாச்சு." அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "உங்க பயோடேட்டாவும் போயிருச்சு."

அவன் பையின் வாரைத் திருகிக்கொண்டே நின்றான். "போன்லயே அடிச்சுக்கலாமே" என்று சொல்லிவிடுவான் என்று அவள் காத்திருந்தாள்.

"மறுபடி அடிக்க ரொம்ப நேரமாகுமா?" என்றான்.

அவள் புதுப் பக்கத்தைத் திறந்தாள். பெயர். பிறந்த தேதி, காலை ஆறு நாற்பத்திரண்டு. அனுஷம், மூன்றாம் பாதம். உயரம் ஐந்தடி ஏழு. அக்காவின் பெயர், மாமாவின் வேலை, பிளாக் நம்பர். விரல்கள் ஓடின. எதையும் அவனிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை. பாதியில்தான், தான் எந்தத் தாளையும் பார்க்காமல் அடிக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. காது சுட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. 'எதிர்பார்ப்பு' என்று அடித்து, அதற்கு எதிரே கர்சர் துடிக்கும் இடத்தில்தான் நின்றாள்.

"இது மட்டும் நீங்க சொல்லுங்க."

அவன் ஸ்டூலை இழுத்து அருகில் உட்கார்ந்தான். திரையை முழுதாகப் படித்தான். ஒரு தப்பும் இல்லை.

அவன் கண் அந்தக் காலி இடத்திலேயே நிற்க, அவளே வாயில் வந்ததைக் கேட்டாள். "சரி, அது அப்படியே இருக்கட்டும். வழக்கம் போல பத்து பிரிண்ட்டா?"

"வேண்டாங்க. நாலு வருசமா நீங்க குடுத்ததெல்லாம் பீரோவுல அடுக்கினபடியே இருக்கு… ஒண்ணைக்கூட நான் யார்கிட்டயும் குடுத்ததில்லை."