வீட்டுக்குள் வந்த மலைப்பாதை

மலையேறிகள் நடக்கும் பாதை, அந்த வருடம் மழை விட்ட மறுநாள், தையல்காரியின் வீட்டுக்குள் வந்துவிட்டது. கல், புல், சேறு எல்லாவற்றோடும் வாசலில் நுழைந்து, கூடத்தைக் கடந்து, அடுப்பை ஒட்டிப் பின்கதவு வழியாக மலைக்கு ஏறியது. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மலையேறிகளுக்கு வழி தெரியப் பாதைக் கற்களில் வெள்ளைக் கோடு போடுகிறவர்கள் விட்டுப்போன மிச்சப் பெயிண்டை அவள் பாசி பிடித்த வாசற்படியில் பூசியிருந்தாள். பாதை வெள்ளையைப் பார்த்து நடக்கும் என்பது அந்த ஊரில் பிறந்தவர்களுக்குத் தெரியும். அவள் வாழ வந்தவள்.

அதுவரை பாதை அவள் நாத்தனாரின் டீக்கடை வழியாகத்தான் போயிற்று. விளைச்சல் படுத்த பிறகு ஊர் பிழைத்தது மலையேறிகளால்தான். அறை வாடகை ஏறியது, முட்டை விலையும் ஏறியது. இப்போது அவர்கள் பூட்ஸ் காலோடு கூடத்தில் நின்று, பையின் அறுந்த வாரைத் தைத்துக்கொண்டு, அவள் போட்ட டீயையும் குடித்துவிட்டுப் போனார்கள். இரண்டே பருவத்தில் வீட்டுக்கு ஓடு மாறியது, தையல் மெஷினுக்கு மோட்டார் வந்தது. டீக்கடையில் நாத்தனார் ஈ ஓட்டினாள். பெஞ்சுகளை விற்றாள். பாய்லரை விலை பேசினாள்.

"படியைச் சுரண்டிடேன்," என்றான் கணவன். அக்கா முகத்தில் விழிக்க அவனால் முடியவில்லை.

"சுரண்டிட்டு? மறுபடி பழைய சட்டைக்குப் பட்டன் வச்சுக்கிட்டு உக்காரணுமா? நானா கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன்?"

சொன்னது நியாயம்தான் என்று அவளுக்குப் பட்டது. ஆனாலும் பூட்ஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் காது அதற்குள் ஒரு செருப்புச் சத்தத்தைத் தேடியது.

ஒரு நாள் அது வந்தது. மலையேறிகளுக்கு நடுவே நாத்தனார், தலையில் பாய்லரோடு.

"உள்ள வாங்க அண்ணி."

"நான் எங்க உள்ள வர்றேன்? வழியில போறேன்," என்றாள் நாத்தனார், நில்லாமல். "மேல லாட்ஜ்ல பாய்லரை எடுத்துக்கிறாங்களாம். பாத்திரம் கழுவ என்னையும்."

அவள் பின்கதவைத் தாண்டியதும் தையல்காரி கத்தரிக்கோலை எடுத்தாள். துணி தவிர வேறெதையும் அதைக்கொண்டு வெட்ட யாரையும் விட்டதில்லை. வாசலில் குந்தி, வெள்ளை போகும்வரை படியைச் சுரண்டினாள். மலையேறிகள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மோட்டாருக்கு இனி என்ன வேலை என்று யோசித்தாள், கை நிற்கவில்லை. கத்தரிக்கோல் முனை மழுங்கியது.

மறுநாள் பாதை டீக்கடைப் பக்கம் போய்விட்டது. பாய்லரும் அதன் வழியே இறங்கி வந்தது. கூடத்தில் மட்டும் கொஞ்சம் புல் தங்கிவிட்டது.

அடுத்த வாரம் நாத்தனார் யாரோ ஒரு மலையேறியின் அறுந்த பையோடு வந்து படிக்கு வெளியே நின்றாள். கத்தரிக்கோல் கீறிய தழும்புகளைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

"உள்ள வரலாமா?"

"என்ன அண்ணி, புதுசாக் கேக்குறீங்க?"

இருவரும் புல்லை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனார்கள்.