துரையைச் சீவும் கை

ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பி நாய்ச் சீப்பைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தபோதே எனக்குச் சுருக்கென்றது. இந்த வீட்டில் அவன் தானாக எழுந்து எதையும் எடுத்துக் கொடுக்கிற ஆள் இல்லை.

"அக்கா, துரையக் குளிப்பாட்டி, முடியெல்லாம் அழகா வெட்டி விட்டுடு. சாயங்காலம் மேனேஜர் வீட்டுலேருந்து வர்றாங்க. போட்டோவப் பாத்துட்டு அவரு பொண்டாட்டி இவன்தான் வேணும்னு நிக்கிறாங்களாம்."

"அவனக் குடுக்கப் போறியா?"

"பிரமோஷன் நேரம்க்கா. பாக்க லட்சணமா இருக்கணும், அவ்வளவுதான்."

அவன் மனைவி காய் நறுக்கியபடியே, "சோபா பூரா முடி, அண்ணி. மூச்சு முட்டுது" என்றாள். அந்த சோபாவை தினமும் சுத்தம் செய்வது நான். மூச்சு முட்டுவது அவளுக்கு.

துரையை வாங்கியது தம்பி, வளர்த்தது நான். கல்யாணம் ஆகாமல் தம்பி வீட்டில் இருக்கிறவளுக்கு வேலைக்கா பஞ்சம்? ஆனால் 'இது அக்காவால்தான் முடியும்' என்று பேர் வாங்கியது இந்த ஒன்றில்தான். சீப்போடு வேறு யார் கிட்டே போனாலும் துரை பல்லைக் காட்டுவான். அதற்காக அவனை ஒரு நாளும் நான் அதட்டியதில்லை. நான்தான் வேண்டும் என்று சொல்ல எனக்கும் ஒரு ஜீவன் இருக்கிறதே என்று உச்சி குளிர்ந்து நிற்பேன்.

குளியலறைத் தரையில் உட்கார்ந்து அவனை மடியோடு இழுத்துக்கொண்டேன். முதலில் சிக்கு எடுத்த பிறகுதான் தண்ணீர். ஈரம் பட்டால் முடிச்சு இறுகிவிடும். காதுக்குப் பின்னால் முடி கட்டி கட்டியாக இருந்த இடங்களில் சோளமாவைத் தூவி விரலால் பிரித்தேன். முடியின் அடியை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து சீவ வேண்டும். அடியைப் பிடிக்காமல் இழுத்தால் தோலோடு வரும், உயிர் போகும்.

குளிப்பாட்டித் துவட்டிய பிறகு கத்தரியை எடுத்தேன். அப்போதுதான் அந்தப் புத்தி வந்தது. ஒரு பக்கம் ஒட்ட வெட்டி, மறு பக்கம் அப்படியே விட்டால் போதும், சொறிநாய் என்று நினைத்து வந்த வழியே போய்விடுவார்கள். கத்தரியைக் கழுத்தோரம் வைத்தேன். துரை என் முழங்காலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். எனக்குக் கை வரவில்லை. நான் பேர் வாங்கிய ஒரே வேலையை நானே அலங்கோலம் செய்வதா என்ற வீம்பும் சேர்ந்துகொண்டது. அழுதுகொண்டே வெட்டினேன். அன்றைக்கு இருந்ததுபோல் அவன் என்றைக்கும் அழகாக இருந்ததில்லை.

சாயங்காலம் மேனேஜரின் மனைவி அவன் முதுகைத் தடவித் தடவிப் பார்த்தாள். "எந்தக் கடையில வெட்டினீங்க? நல்லா இருக்கே."

"தெரிஞ்ச கடைதான் மேடம்" என்றான் தம்பி. நான் டீத் தட்டோடு பக்கத்தில்தான் நின்றிருந்தேன். கார் கிளம்பும்போது துரை கண்ணாடியில் மூக்கை அழுத்தி என்னையே பார்த்தான். நான் உள்ளே வந்து டம்ளர்களைக் கழுவினேன்.

அடுத்த வாரம் மேனேஜரிடமிருந்து போன் வந்தது. சீப்பை எடுத்ததும் துரை அந்த அம்மாவின் கையைக் கடித்துவிட்டானாம். பாவம் என்று ஒரு பேச்சுக்குக்கூட எனக்குத் தோன்றவில்லை. திரும்பி வந்துவிடுவான் என்று துள்ளிய மனசோடு அவன் கிண்ணத்தைத் தேடி எடுத்துத் துலக்கி வைத்தேன்.

"சரி சார், அனுப்பிடறேன் சார்" என்று போனை வைத்துவிட்டு தம்பி சிரித்துக்கொண்டே வந்தான். "நல்ல வேளை, கோவப்படலை. கடை இல்ல, எங்க அக்காதான் வெட்டுவாங்கன்னு உண்மையச் சொல்லிட்டேன். அப்படின்னா அவங்களையே அனுப்புங்கன்னுட்டாரு. வீட்டுக்குப் பின்னாடி ஒரு ரூம் சும்மாதான் கெடக்காம்."

"எத்தனை நாளைக்கு?"

"நாய் இருக்கிற வரைக்கும்தான்க்கா. அவனுக்கும் துணை, உனக்கும் துணை."

துரையா நானா, இரண்டு பேரில் யாரை முதலில் கொடுக்கலாம் என்று அவன் யோசித்திருக்கக்கூட மாட்டான். அதுதான் வலித்தது.

மறுநாள் தம்பி மனைவி என்னை நாற்காலியில் உட்கார வைத்துத் தலையை அவிழ்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் என் தலையைத் தொட்டதில்லை. "பெரிய எடத்துக்குப் போறீங்க அண்ணி, பளிச்சுனு போக வேணாமா?" சிக்கில் சீப்பு மாட்டியது. அடியைப் பிடிக்காமல் இழுத்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்குக் கடிக்கத் தெரியவில்லை.

வாசலில் கார் ஹாரன் கேட்டது. தம்பி எட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"லட்சணமா இருக்கேக்கா" என்றான்.