எச் கார்டு ஜெரி

கஸ்டம்ஸ் கிளியரிங் தொழிலில் ஆட்கள் இரண்டு ரகம். பரீட்சை எழுதித் தேறியவருக்கு ஜி கார்டு. கப்பல் சரக்கின் காகிதங்களில் அவர் கையெழுத்துப் போடலாம். தேறாதவருக்கு எச் கார்டு; அதே காகிதங்களைத் தூக்கிக்கொண்டு நடக்கலாம். ராயபுரம் ஜெரி தலை நரைக்கும்வரை நடந்தார்.

அவர் முயற்சி செய்யவில்லை என்று ஆபீசில் யாரும் சொல்ல முடியாது. பரீட்சை வரும்போதெல்லாம் லீவு போட்டு, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்புவார். பெரம்பூரில் இறங்கி ஒரு டீக்கடையில் உட்கார்ந்துவிடுவார். மறுநாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு முதலாளியிடம் வந்து, "கஷ்டமா கேட்டுட்டான் பாய், இந்த தபாவும் தேறாது" என்பார். தோற்றவன் பேரை யார் தேடிப் பார்க்கப் போகிறார்கள்? தோளில் தட்டினார்கள், பிரியாணி வாங்கிக் கொடுத்தார்கள். தோல்வியில் இவ்வளவு சௌகரியம் இருந்தது.

எண்ணூரில் கிளை திறப்பதற்கு முந்தின நாள் முதலாளி அத்தாவுல்லா பாய் அவரைக் கூப்பிட்டார்.

"நைனா, எண்ணூரு ஆபீஸை உனக்குத்தான் வெச்சிருந்தேன். ஆனா அங்க கையெழுத்துப் போட ஆளு வேணும். நீயும் இன்னா, சும்மாவா இருந்த? முட்டி மோதிப் பாத்துட்ட. இன்னொரு தபா எழுதுன்னு சொல்ல எனக்கு மனசு வரல. ஜெமிமாவைப் போட்டுட்டேன்."

பாய் பேரத்திலேயே வளர்ந்தவர். எதிராளி விலையை ஏற்றிச் சொன்னால் அவன் வாய் திறக்கும்போதே தெரிந்துவிடும் அவருக்கு. ஜெரியின் பொய்யை மட்டும் சொன்ன விலைக்கே வாங்கியிருந்தார். முதல் வருஷமே உண்மையைச் சொல்லியிருந்தால் கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய் எழுத வைத்திருப்பார் மனிதர்.

"நல்ல பொண்ணு பாய்" என்று சொல்லிவிட்டு ஜெரி வெளியே வந்தார்.

எர்ணாவூர்ப் பெண் ஜெமிமா, ஆபீசில் எல்லோருக்கும் இளையவள், மேசையைக் காலி செய்துகொண்டிருந்தாள்.

"நீ பரீட்சைக்குப் படிச்ச பொஸ்தகம்லாம் வெச்சிருக்கியாம்மா?" என்று கேட்டார் ஜெரி.

"வூட்ல கீதுண்ணா. ஏன், உங்க கைல இல்லியா? வருசா வருசம் எழுதுனீங்களே."

ஜெரி கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வாங்கவே இல்லம்மா. எழுதவும் இல்ல."

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று அவள் மிச்சத்துக்குக் காத்திருந்தாள். மிச்சம் வரவில்லை.

"பின்ன அன்னிக்கெல்லாம் எங்கண்ணா போனீங்க?"

"பெரம்பூரு. டீக்கடை."

"ஏண்ணா?"

"எழுதினா நான் எம்மாத்திரம்னு தெரிஞ்சிடும்ல."

ஜெமிமா கையிலிருந்த ஃபைலைக் கீழே வைத்தாள். ஜெரியே கேட்டார்: "இப்ப எழுதிப் பாஸானா எண்ணூரு எனக்கு வருமா?"

"வராதுண்ணா."

"தெரியும். சும்மா கேட்டேன். நீ பொஸ்தகத்தை எடுத்துனு வா."

உள்ளேயிருந்து பாயின் குரல் கேட்டது, வாஞ்சையாக.

"யம்மா ஜெமிமா, அவன்கிட்ட போயி பரீட்சைப் பேச்சு பேசாத. பாவம், மனசு நோவும்."