கேட்டுக்கு வெளிய பதினாறு விக்கெட்டு

தவசிமுத்து மெட்ராசுக்குப் போயி கிரிக்கெட்டு பாத்துட்டு வந்தான்னு ராஜபாளையத்துல பாதிப் பேருக்குத் தெரியும். பாக்கவே இல்லங்கிறது ரெண்டே பேருக்குத்தான் தெரியும். ஒண்ணு அவன். இன்னொண்ணு, அவன் சட்டையத் துவைக்கப் போட்ட அவன் அக்கா இசக்கியம்மா.

இது எண்பத்தெட்டு, பொங்கல் சமயம். தவசிக்கு இருபத்திரெண்டு வயசு. சுந்தரபாண்டியத்துக்காரன். ராஜபாளையத்துல ஒரு நூல் மில்லுல பதிலி. பதிலின்னா, ஷிப்டு சங்கு ஊதறதுக்கு அரைமணி முந்தியே போயி கேட்டுக்கு வெளிய நிக்கணும். உள்ள எவனுக்காவது காய்ச்சல், கல்யாணம், கருமாதின்னா வாச்மேன் தனுஷ்கோடி வெளிய வந்து ஒரு பேரைக் கூப்பிடுவாரு. கூப்பிட்டா அன்னைக்கு வேலை. கூப்பிடலன்னா அந்த வேப்பமரத்தடியிலயே தூக்குச்சட்டியத் தொறந்து தின்னுட்டு வீடு போயிச் சேர வேண்டியதுதான். மூணு வருஷமா இப்படி நின்னு நின்னு, எந்த கேட்டைப் பாத்தாலும் தவசிக்குக் காலு தன்னால நின்னுபோகும். கல்யாண வீட்டு வாசல்ல கூட யாராவது "வாப்பா"ன்னு சொல்லுத வரைக்கும் செருப்பைக் கழட்ட மாட்டான்.

பொங்கலுக்கு மில்லு லீவு. திருவல்லிக்கேணியில மெஸ்ஸுல வேலை பாக்குற சித்தப்பா மகன் பால்சாமி, சேப்பாக்கத்துல கடைசி நாள் ஆட்டத்துக்கு ஒரு சீட்டு வாங்கி வச்சிருக்கேன், வாலேன்னு கடுதாசி போட்டிருந்தான். தவசி ராத்திரி பூரா பஸ்சுல உக்காந்து போனான். பால்சாமி சீட்டைக் கையில குடுத்து, "கேட்டுல காட்டு, விட்டுருவான்"ன்னு சொல்லிட்டு இட்லி ஊத்தப் போயிட்டான்.

தவசி போனான். கேட்டுக்கு முன்னாடி நின்னான்.

ஆளுக குபுகுபுன்னு உள்ள போறாவ. இவியளுக்கெல்லாம் பேரு கூப்பிட்டிருப்பாவ போலன்னு நெனச்சான். ஒரு போலீஸ்காரரு, "தள்ளி நில்லுய்யா, வழிய மறிக்காத"ன்னாரு. தள்ளி நின்னான். அம்புட்டுதான். பத்து மணி ஆச்சு, பதினொண்ணு ஆச்சு. சட்டைப்பையில சீட்டு, எதுத்தாப்புல டீக்கடையில ரேடியோ, சுவத்துக்கு அந்தப்பக்கம் ஆயிரக்கணக்குல சனம். மூக்குக்கண்ணாடி போட்ட புதுப்பையன் ஒருத்தன், ஹிர்வானின்னு பேரு, மொத டெஸ்டே அதுதான், வெஸ்ட் இண்டீசுக்காரனுகள ஒவ்வொருத்தனா அனுப்பிக்கிட்டு இருக்கான். ஒவ்வொரு விக்கெட்டுக்கும் சுவரே அதிருது. தவசி காலு தரையிலயே இல்ல, ஆனா கேட்டைத் தாண்டவும் இல்ல. யாரும் கூப்பிடலியே!

மொத இன்னிங்சுல எட்டு, ரெண்டாவதுல எட்டு, ஆகப் பதினாறு விக்கெட்டுன்னு டீக்கடைக்காரரு சொல்லி, சனமெல்லாம் கும்மாளம் போட்டுக்கிட்டு வெளிய வந்த பொறவுதான் தவசிக்கு ஒறைச்சுது. இந்த ரேடியோ சுந்தரபாண்டியத்துலயே இருக்கு. டீயும் அங்க நல்லா இருக்கும்.

சரி, போனவன் வாயை மூடிக்கிட்டுத் திரும்பியிருக்கணும். மில்லுல ஐயாதுரை மேஸ்திரி புடிச்சுக்கிட்டாரு. அவருதான் மில்லு கிரிக்கெட்டு டீமுக்கு கேப்டன். நாப்பது வயசு, தொப்பை உண்டு, ஆட்டம்னா உசுரு.

"ஏலே தவசி, சேப்பாக்கம் போனியாம்ல?"

"ஆமாண்ணே." அது உண்மை.

"நாங்க மேனேஜர் வீட்டு டிவியில பாத்தோம்லே. ஒரே மழை பேஞ்ச மாதிரி கோடு கோடாத் தெரியுது, பந்து எது புள்ளி எதுன்னு வெளங்கல. நீ அந்த விக்கெட்டெல்லாம் கண்ணால பாத்தியா?"

இந்த எடத்துலதான் தவசி வாழ்க்கையில மொத தடவையா ஒரு கேட்டை யாரும் கூப்பிடாம தாண்டுனான். அதுவும் தப்பான கேட்டு.

"பாத்தேண்ணே. பதினாறும்."

ஒரு நாள் சீட்டுல பதினாறு எப்படிலேன்னு மேஸ்திரி கேக்கல. சந்தோசத்துல இருந்தாரு. அன்னைலேருந்து டீ டயத்துல கேண்டீன்ல தவசியச் சுத்திக் கூட்டம். பேப்பர்ல படிச்சதுல கொஞ்சம், ரேடியோவுல கேட்டதுல கொஞ்சம், மிச்சத்துக்குக் கையையும் காலையும் ஆட்டுவான். "கிரீசை விட்டு எறங்கி வந்தான் பாரு, கீப்பரு டபக்குன்னு!" ஒரு நாளு அவன் கதையில ஹிர்வானி பதினாறுக்குப் பதிலா பதினேழு எடுத்துட்டான். யாரும் எண்ணல.

பதிலிக்கு இம்புட்டு மரியாதையான்னு அவனுக்கே கூச்சமா இருந்துச்சு. அந்தக் கூச்சம் அடங்குறதுக்குள்ள மேஸ்திரி அடுத்த குண்டைப் போட்டாரு. ஜனவரி இருபத்தாறுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு பள்ளிக்கூடத்து மைதானத்துல எதிர் மில்லோட மேட்சு. அஞ்சு வருஷமாத் தோத்துக்கிட்டே இருக்காவ. இந்த வருஷம் ஜெயிச்சா டீமுல ஆடுற பதிலியில ஒருத்தனைப் பெர்மனெண்டு ஆக்குதேன்னு மேனேஜரு சொல்லிட்டாரு.

"நீதான்லே நம்ம லெக் ஸ்பின்னரு."

"அண்ணே, எனக்குப் போடத் தெரியாதுண்ணே."

"பதினாறைப் பக்கத்துலருந்து பாத்தவன் நீ. உனக்குத் தெரியாட்டி எனக்காலே தெரியும்?"

பெர்மனெண்டு. அப்படின்னா மில்லுல நெலையான ஆளு. தெனம் பேரு கூப்பிடுவாவளா மாட்டாவளான்னு நிக்க வேண்டாம். தலையாட்டிட்டான்.

அன்னைக்குச் சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர்ல அக்கா வீட்டுக்குப் போனா, இசக்கியம்மா ஒரு காகிதத்தை வெயில்ல காய வச்சிருந்தா.

"ஏலே, உன் சட்டைப்பையில இருந்துச்சு. இந்தச் சீட்டைக் கிழிக்கவே இல்லியே. சினிமாக் கொட்டகையில கூட வாசல்ல கிழிச்சுத்தான விடுதான்?"

தவசி முழிச்ச முழியிலயே அவளுக்குப் பாதி வெளங்கிருச்சு. மீதிய அவனே சொன்னான். அவ சிரிச்சா, கண்ணைத் தொடைச்சா, பொறவும் சிரிச்சா.

"சீட்டை வச்சுக்கிட்டு வெளிய நின்ன ஒரே ஆளு நீதாம்லே."

"சொல்லிராதக்கா. பெர்மனெண்டு போயிரும்."

"நான் ஏம்லே சொல்லுதேன். உன் மூஞ்சியே சொல்லும்." சீட்டை மடிச்சுச் சுருக்குப் பையில போட்டுக்கிட்டா.

மேட்சு அன்னைக்கு மைதானத்து நடுவுல ஆடுற எடத்துல கயித்துப் பாய விரிச்சு ஆணி அடிச்சிருந்தாவ. நம்ம மில்லு மொதல்ல ஆடி நூத்திப் பதினெட்டு. பொறவு எதிர் மில்லு எறங்குச்சு. பத்தாவது ஓவர்ல மேஸ்திரி பந்தைத் தவசி கையில குடுத்து, "சேப்பாக்கத்தைக் காட்டுலே"ன்னாரு.

தவசிக்குப் பந்தை எப்படிப் புடிக்கணும்னே தெரியாது. ரேடியோவுல வெரலு தெரியாதில்ல? அவன் வெரலுக்குத் தெரிஞ்சது ஒரே வேலைதான். மில்லுல ஓடுற மெசின்ல அறுந்த நூலைப் புடிச்சு, வெரலால ஒரு உருட்டு உருட்டி ஒட்டுறது. பயத்துல பந்தையும் அப்படியே உருட்டி விட்டான். அது லெக் ஸ்பின்னு போற தெசைக்கு நேர் எதிர்த் தெசையில திரும்பி, எதிர் மில்லு ஸ்டோர்கீப்பரோட ஸ்டம்பைச் சாச்சுருச்சு.

"கூக்ளி!"ன்னு மேஸ்திரி கத்துனாரு.

தவசி லெக் ஸ்பின்னுன்னு நெனச்சுத்தான் போட்டான். அடுத்த பந்தும் அப்படித்தான், அதுக்கு அடுத்ததும் அப்படித்தான். சேப்பாக்கம் பாத்த லெக் ஸ்பின்னரு வாரான்னு எதிர் டீமுல ஒரு வாரமா ஒரு பக்கமாவே ஆடிப் பழகி வச்சிருந்தாவ. பந்து மறுபக்கம் வந்துச்சு. ஆபீஸ் கிளார்க்கு போனாரு, எலக்ட்ரீசியன் போனாரு. மூணு விக்கெட்டு. தவசிக்கே லேசா ஒரு சந்தேகம் வந்துச்சு, ஒருவேளை நான் உள்ள போயிப் பாத்தேனோன்னு.

அப்பத்தான் சங்கிலிப்பாண்டி எறங்குனான். அவன் எதிர் மில்லுல இதே வேலை, நூலு ஒட்டுறவன். தவசி வெரலையே உத்துப் பாத்தான். ஒரு பந்தை விட்டான், சிரிச்சான்.

"ஏலே, இது நூலு ஒட்டுற கையிதானலே! இதையா கூக்ளிங்கீய?"

அடுத்த மூணு பந்து நாலு, ஆறு, ஆறு. சேப்பாக்கத்துல ஹிர்வானி பதினாறு விக்கெட்டு எடுத்தான், நம்மாளு பதினாறு ரன்னு குடுத்தான். கணக்கு சரியாப் போச்சுன்னு எல்லைக்கோட்டுல நின்ன இன்னொரு பதிலி வீரணன் சொன்னான். மேஸ்திரி பந்தைப் புடுங்கி வேற ஆளுக்குக் குடுத்துட்டாரு.

ஆனா கடைசி ஓவருக்கு ஆள் இல்ல. எல்லாருக்கும் போட வேண்டிய ஓவரு முடிஞ்சுபோச்சு. எதிர் மில்லுக்கு ஆறு ரன்னு வேணும், நமக்கு ஒரு விக்கெட்டு வேணும், எதுக்க சங்கிலிப்பாண்டி. மேஸ்திரி வேற வழியில்லாமப் பந்தைத் தவசி கையில திணிச்சாரு. மொதப் பந்து நாலு. இன்னும் ரெண்டு எடுத்தா முடிஞ்சுது.

மேஸ்திரி மூச்சு வாங்க ஓடி வந்தாரு. "இந்த மாதிரி எடத்துல அந்த ஹிர்வானி என்னலே செஞ்சான்? யோசிச்சுச் சொல்லு."

தவசிக்கு அங்கருந்து நெசமாத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். "எல்லாரும் பயங்கரமாக் கத்துனாவண்ணே."

"கத்துனது கெடக்கட்டும், பந்து?"

"நேரமாச்சு மேஸ்திரி"ன்னாரு அம்பயரு.

தவசிக்கு உள்ளங்கையில எண்ணெய் ஊத்துன மாதிரி வேர்வை. ஓடி வந்து கையைச் சுத்துனான். உருட்டணும்னு வெரலு நெனச்சுது, பந்து நெனக்கல. வழுக்கிக்கிட்டுப் போயிருச்சு. திரும்பவே இல்ல, ஒரே நேரா. சங்கிலிப்பாண்டி அந்த வெரலை நம்பி, பந்து திரும்பும்னு ஒரு எட்டு எறங்கி மட்டையச் சுழட்டுனான். நடு ஸ்டம்பு மல்லாந்துச்சு.

ஒரு ரன்னுல ஜெயம். மைதானமே கத்துச்சு. தவசி அசையாம நின்னான். இந்தச் சத்தத்தை அவன் முன்னாடி கேட்டிருக்கான். நடுவுல நின்னு கேட்டா வேற மாதிரி இருக்குன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. சங்கிலிப்பாண்டி போற போக்குல, "வெரலை வச்சு ஏமாத்திப்புட்டியேலே, பாவி"ன்னு தோள்ல தட்டிட்டுப் போனான்.

மேனேஜரு தெலுங்கு பேசுற ராஜாக்கள் வீட்டு ஆளு. சந்தோசம் வந்தாலும் கோவம் வந்தாலும் தெலுங்குதான் மொதல்ல வரும். "பாகுந்திரா!"ன்னு தவசி கையப் புடிச்சுக் குலுக்குனாரு. "நீதான் பெர்மனெண்டு. ஒண்ணாந்தேதியிலருந்து. மொதலாளிக்கு நான் எழுதித் தரணும். எப்படி எழுதப்போறேன் தெரியுமா? 'சேப்பாக்கத்துக்கு நேர்ல போயி, பதினாறு விக்கெட்டும் பாத்துக் கத்துக்கிட்டு வந்தவன்'னு. சரிதான?"

பேனாவத் தொறந்துட்டாரு. பக்கத்துல மேஸ்திரி பெருமையா நிக்காரு. அக்கா பால்கோவாப் பொட்டலத்தோட கொஞ்சம் தள்ளி நிக்கா, சிரிப்பை அடக்கிக்கிட்டு. வாயில சொன்ன பொய்யி டீ குடிச்சதும் மறந்துபோகும். எழுத்துல ஏறிட்டா அவனுக்கு முந்தி அதுதான் பெர்மனெண்டு ஆகும். என்னைக்காவது ஒரு நாளு தெரிஞ்சா, பொய் சொல்லி வேலை வாங்குனவன்னு அதே கேட்டு வழியா வெளிய தள்ளுவாவ. இப்பச் சொன்னா இப்பவே போச்சு.

"ஐயா, அப்படி எழுதாதீய. நான் பாக்கல."

"எதைப் பாக்கல?"

"ஒண்ணும் பாக்கல. வெளிய நின்னேன். டீக்கடையில ரேடியோவுல கேட்டேன்."

மேஸ்திரி மூஞ்சி செத்துப்போச்சு. "ஏலே... அந்தக் கீப்பரு டபக்குன்னு...?"

"பேப்பர்ல போட்டிருந்துச்சுண்ணே."

"சீட்டு கெடைக்கலியா?"ன்னு கேட்டாரு மேனேஜரு. இசக்கியம்மா முன்னால வந்து சுருக்குப் பையத் தொறந்து அந்தச் சீட்டை நீட்டுனா. சோப்புத் தண்ணியில வெளிறிப்போயி, ஆனா ஒரு மூலை கூடக் கிழியாம முழுசா இருந்துச்சு. மேனேஜரு முன்னும் பின்னும் திருப்பிப் பாத்தாரு.

"ஏமிரா, சீட்டு கையில இருக்கு. பொறவு ஏன் உள்ள போகல?"

"பேரு கூப்பிடலைய்யா."

மேனேஜருக்குக் குபீர்னு சிரிப்பு வந்துருச்சு. மேஸ்திரியும் சிரிச்சாரு, ஆபீஸ்காரவியளும் சிரிச்சாவ. சிரிச்சுக்கிட்டே மேனேஜரு திரும்பிப் பாத்தா, பந்து பொறுக்கவும் தண்ணி குடுக்கவும் வந்திருந்த பதிலிக ஏழெட்டுப் பேரு கூட்டமா நிக்காவ. அவிய ஒருத்தரும் சிரிக்கல.

"கூப்பிடாம எப்படிய்யா உள்ள போக?"ன்னு கேட்டான் வீரணன். நெசமாவே தெரியாமத்தான் கேட்டான்.

மேனேஜரு சிரிப்பு அப்படியே நின்னுபோச்சு. பொறவு காகிதத்துல என்னமோ எழுதுனாரு. மடிச்சுப் பையில வச்சாரு. சீட்டை அக்காகிட்டக் குடுத்துட்டு ஜீப்புல ஏறிப் போயிட்டாரு. என்ன எழுதுனாருன்னு சொல்லல.

ஒண்ணாந்தேதி வரைக்கும் அந்த அஞ்சு நாளும் தவசிக்குச் சோறு எறங்கல. மேஸ்திரி மூஞ்சி குடுத்துப் பேசல. அரிச்சந்திரனுக்கு அஞ்சு நிமிசம் பொறுக்க முடியலியோன்னு தன்னைத்தானே வஞ்சுக்கிட்டான்.

ஒண்ணாந்தேதி திங்கக்கிழமை. தவசி அரைமணி முந்தியே கேட்டுக்கு வெளிய போயி நின்னான். தனுஷ்கோடி காகிதத்தோட வெளிய வந்தாரு. வீரணன் பேரைக் கூப்பிட்டாரு. இன்னும் மூணு பேரைக் கூப்பிட்டாரு. காகிதத்தை மடிச்சாரு. தவசி பேரு இல்ல.

சங்கு ஊதுச்சு. சரி, போச்சுன்னு நெனச்சான். வேப்பமரத்தடிக்குப் போயித் தூக்குச்சட்டியக் கூடத் தொறந்துட்டான். மொத உருண்டை வாய்க்குப் போற நேரம் கேட்டுலருந்து தனுஷ்கோடி சத்தம்.

"ஏலே தவசி! அங்க என்னலே பண்ணுத?"

"பேரு கூப்பிடலியேண்ணே."

"பெர்மனெண்டு ஆளைப் பேரு சொல்லிக் கூப்பிடுவாவளாலே? உள்ள உன் மெசின்ல நூலு பூராம் அறுந்து கெடக்கு. மேஸ்திரி கத்துதாரு. வாலே!"

தவசி வாயில சோத்தோட எந்திரிச்சு ஓடுனான். மொத நாளே பத்து நிமிசம் லேட்டு. கேட்டுகிட்ட வந்ததும் காலு பழையபடி நின்னுச்சு. தனுஷ்கோடி முதுகுல ஒண்ணு வச்சாரு.

அதுல உள்ள போயிட்டான்.