கை எப்போது விழுந்தது

மலர் வளையம் வாசலுக்குள் நுழையவில்லை. தூக்கி வந்த இரண்டு ஆட்களும் அதைச் சாய்த்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள், கடைசியில் ஒரு பக்கத்துப் பூக்களை நசுக்கித் தள்ளவும் பார்த்தார்கள். கதவின் இரண்டாவது பலகைக்குத் தாழ்ப்பாள் நீக்கினால் போதும், ஒரு கட்டில்கூட நுழையும். சின்னவளுக்கு அது தெரியும். தாழ்ப்பாளுக்குப் பக்கத்திலேயேதான் அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“அந்தப் பக்கக் கதவைக் கொஞ்சம் தொறங்களேன்” என்றான் ஒருவன்.

“அது தொறக்காது. வெளியிலயே சாத்தி வெச்சுட்டுப் போங்க.”

உள்ளே மாமா, அதாவது அக்காவின் கணவர், எழப் போனார். சின்னவள் பார்த்த பார்வையில் மறுபடி உட்கார்ந்துவிட்டார். சோபா தைத்துப் பிழைக்கிற மனிதர். வந்தவர் எல்லோரிடமும், “சிரமப்பட்டு வந்திருக்கீங்க, மன்னிக்கணும்” என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். பெண்டாட்டி செத்ததற்கு அவர் மன்னிப்புக் கேட்பதைப் பார்க்கப் பார்க்கச் சின்னவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வளையத்தின் குறுக்கே தங்க எழுத்துப் போட்ட துணி. அக்கா பதினாறு வருடம் வேலை பார்த்த தலை மசாஜ் நிலையத்தின் பெயர் முழம் முழமாக இருந்தது. அதற்கடியில் பொடி எழுத்தில் ‘எங்கள் பஞ்சுக்கைக்கு அஞ்சலி.’ பஞ்சுக்கை என்பது வாடிக்கையாளர்கள் அக்காவுக்கு வைத்த பெயர். சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிப் படுப்பார்கள். அக்கா வெதுவெதுப்பான எண்ணெயை உச்சியில் விட்டு, நெற்றிப்பொட்டை அழுத்தி, பின்னந்தலையைப் பிசைந்து, ஒரு மணி நேரத்தில் அவர்களுடைய கவலையையெல்லாம் இறக்கி அனுப்புவாள். ‘மன அமைதிக்கும் உடல் நலத்துக்கும்’ என்று வாசலில் பலகை தொங்கும். யாருடைய உடல் நலத்துக்கு என்று அதில் எழுதியிருக்காது.

சின்னவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. வீட்டில் இரண்டாவதாகப் பிறந்த பாவத்துக்கு இன்னும் சின்னவள். குடிநீர் அலுவலகத்தில் தொலைபேசியில் வருகிற புகார்களை எழுதும் வேலை. இருபது வருடமாக அவள் முதலில் கேட்பது ஒன்றைத்தான். “தண்ணி எப்ப நின்னுச்சு?” நேற்றிலிருந்து என்று சொன்னால், நேற்று எத்தனை மணியிலிருந்து என்பாள். நேரம் தெரியாத புகாரை அவள் எழுதியதே இல்லை.

முந்தாநாள் மாலை மருத்துவமனையில் டாக்டரும் அப்படித்தான் கேட்டார். “இது பக்கவாதம். இடது கை எப்ப விழுந்துச்சு? சரியா சொல்லுங்க. மருந்து குடுக்கலாமா கூடாதான்னு அதை வெச்சுதான் முடிவு பண்ணணும்.” அக்காவைக் கூட்டி வந்திருந்த சூப்பர்வைசர் பெண், “நாலு பத்துக்கு, நடைபாதையில விழுந்தப்பதான்” என்றாள். டாக்டர் மூளையின் ஸ்கேன் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். “நாலு பத்து மாதிரி தெரியலையே. அதுக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சிருக்கணும்” என்றார். மறுநாள் காலை பத்தரைக்கு அக்கா போய்விட்டாள்.

அந்த ‘முன்னாடியே’ சின்னவளை விடவில்லை. அழுகை வரவில்லை. எப்போது என்று யாராவது சொன்னால் வரும்போல இருந்தது.

சூப்பர்வைசர் பெண் நிலையத்தின் வெள்ளைச் சீருடையில் சுவரோரம் நின்றாள். சீருடையில் வரச் சொன்னது முதலாளியம்மாவாம். சின்னவள் நேராக அவளிடம் போனாள்.

“நாலு பத்துன்னுதானே சொன்னே?”

“ஆமாக்கா.”

“அதுக்கு முன்னாடி நல்லாதான் இருந்தாளா?”

“வேலை பாத்துட்டுதான் இருந்தாங்கக்கா” என்று அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. குழாயை உடைத்தவனே புகார் கொடுக்க அழைத்தால் பேசுகிற தொனி அது. சின்னவளுக்கு நன்றாகப் பழக்கமானது.

மூன்று மணிக்கு ஒரு வயதான அம்மாள் வந்தார். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், அக்காவின் கடைசி வாடிக்கையாளர். அக்காவின் காலருகே வெகுநேரம் நின்றுவிட்டு, சின்னவளின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“நாலு மணி வரைக்கும் என் தலையில கை வெச்சிருந்தாம்மா. விழுந்துட்டான்னு நேத்துதான் கேள்விப்பட்டேன். அன்னிக்கு எவ்வளவு நல்லா செஞ்சா தெரியுமா? அதுலயும் அந்த ஒரு கை முறை.”

“என்ன ஒரு கை?”

“புதுசா இருந்துச்சு. இடது கையை என் நெத்தியில அப்படியே வெச்சுட்டா. அசைக்கவே இல்ல. நல்ல கனம். வலது கை மட்டும் வேலை செஞ்சுது. நான் அப்படியே தூங்கிப் போயிட்டேன்.”

“டீச்சர், அது எத்தனை மணிக்கு?”

“பாதி நேரத்துக்கு ஒரு சின்ன மணி அடிப்பாங்க, மூணரைக்கு. அது அடிச்சு அஞ்சு நிமிஷம் இருக்கும்” என்று வழக்கமான கணக்காகச் சொல்லிவிட்டு, டீச்சர் சட்டென்று நிறுத்தினார். சின்னவளின் முகத்தைப் பார்த்தார். தாம் என்ன சொன்னோம் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

சின்னவள் சூப்பர்வைசர் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“கதவுக் கண்ணாடி வழியா ஒவ்வொரு அறையா பாத்துட்டுப் போறதுதானே உன் வேலை? இவளைப் பாத்தியா, இல்லையா?”

“பாத்தேன்கா. மசாஜ்ல தாங்கு கைன்னு ஒரு கட்டம் இருக்கு. ஒரு கை நெத்தியில அசையாம இருக்கும், இன்னொண்ணு பின்கழுத்தை அழுத்தும். அதுன்னுதான் நெனச்சேன்.”

“எவ்வளவு நேரம் இருக்கும் அந்தக் கட்டம்?”

“ரெண்டு நிமிஷம்.”

“எத்தனை தடவை பாத்தே?”

“மூணு நாப்பதுக்கு ஒரு தடவை. மூணு அம்பதுக்கு ஒரு தடவை.” அவள் குரல் தேய்ந்துகொண்டே போனது. “ரெண்டாவது தடவை அவங்க என்னைத் திரும்பிப் பாத்தாங்க. வாய் ஒரு பக்கமா… சிரிக்கறாங்கன்னு நெனச்சேன். பேசக் கூடாது இல்லையா, அதான் நானும் கண்ணாடி வழியா இப்படிக் காட்டினேன்.”

பத்து விரல்களையும் விரித்துக் காட்டினாள். இன்னும் பத்து நிமிடம்தான், முடித்துவிடு.

சின்னவள் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். தொட்ட கையைக் கடைசி மணி அடிக்கும் வரை தலையிலிருந்து எடுக்கக் கூடாது என்பது அந்த நிலையத்தின் சட்டம். வாடிக்கையாளரின் அமைதி குலையுமாம். ஒரு தும்மலுக்குக் கையை எடுத்ததற்காக அக்காவை ஒரு வாரம் துண்டு மடிக்க அனுப்பியதும், அதை அக்கா வீட்டில் நகைச்சுவையாகச் சொல்லிச் சிரித்ததும் நினைவுக்கு வந்தன. சிரித்திருக்கக் கூடாது. தானும் சேர்ந்து சிரித்திருக்கவே கூடாது. கையே செத்துப்போன பிறகும் அதை எடுக்காமல் நின்றிருக்கிறாள் மடைச்சி!

“டாக்டர்கிட்ட ஏன் நாலு பத்துன்னு சொன்னே?”

“முதலாளியம்மா போன்ல சொன்னாங்கக்கா. வேலை நேரத்துல ஆச்சுன்னு சொல்லாதேன்னு.”

கூடத்தில் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. சீருடை போட்ட நிலையத்துப் பெண்கள் நான்கைந்து பேரோடு முதலாளியம்மா வந்துவிட்டிருந்தாள். இழவு வீட்டுக்கென்றே எடுத்ததுபோல வெளிர்நிறப் பட்டு, ஒரு மயிர்கூடக் கலையாத தலை, கையில் மடித்த காகிதம். மாமாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “என் கூடப் பொறந்தவளை இழந்த மாதிரி இருக்கு” என்றாள். கூடப் பிறந்தவள் சமையலறை வாசலில் நின்று அதைக் கேட்டாள்.

பிறகு முதலாளியம்மா காகிதத்தைப் பிரித்தாள். “ரெண்டு வார்த்தை சொல்லிக்கறேன். கடைசி நிமிஷம் வரைக்கும் கடமையைச் செஞ்சுட்டுப் போன புண்ணியவதி இவங்க. அன்னிக்கு வந்த டீச்சரம்மா எங்க குறிப்பேட்டுல என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? ‘இன்றைய ஒரு கை முறை அற்புதம்.’ அந்த முறையை இவங்க பேர்லயே எங்க நிலையத்துல ஆரம்பிக்கலாம்னு இருக்கோம்.”

ஒருவர் கை தட்டப் போய், இடம் நினைவு வந்து, உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். டீச்சர் தலை குனிந்துகொண்டார்.

சின்னவள் கத்தப்போகிறாள் என்று மாமா பயந்தது அவர் முகத்தில் தெரிந்தது. அவள் கத்தவில்லை. முதலாளியம்மாவின் பின்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“உக்காருங்க.”

மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்து முதலாளியம்மா உட்கார்ந்தாள். சின்னவள் அவள் பின்னால் நின்று, தன் இடது கையை அந்தப் படிய வாரிய தலையின்மேல் வைத்தாள். தோளிலிருந்து விரல்வரை இருந்த பலத்தையெல்லாம் விட்டாள். கை பொத்தென்று கிடந்தது.

“டீச்சர், இப்படித்தான் இருந்துச்சா?”

டீச்சர் நிமிர்ந்தார். “இன்னும் கனமா இருந்துச்சும்மா.”

சின்னவள் தோளை இன்னும் தளர்த்தினாள். முதலாளியம்மாவின் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தது. “இப்ப?”

“ஆமா.”

“எத்தனை மணியிலேர்ந்து?”

“மூணு முப்பத்தஞ்சு.” டீச்சர் சொன்னது கூடம் முழுக்கக் கேட்டது.

“நீ சொல்லு” என்றாள் சின்னவள், சமையலறைப் பக்கம் திரும்பாமலே.

“மூணு நாப்பதுக்குப் பாத்தேன். மூணு அம்பதுக்கும் பாத்தேன். டாக்டர்கிட்ட நாலு பத்துன்னு சொன்னேன்” என்று சொல்லிவிட்டுச் சூப்பர்வைசர் பெண் உடைந்து அழுதாள்.

முதலாளியம்மா, “கையை எடுங்க” என்றாள்.

“அவ எடுக்கலையே.”

“உடம்பு முடியலேன்னாகூட எடுக்க வேண்டாம்னா நான் சொன்னேன்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா…”

“இதை அவகிட்டயே சொல்லுங்க. அதோ படுத்திருக்கா.”

முதலாளியம்மா பாதி எழுந்தாள். மாமாவைப் பார்த்து, “நீங்களாவது சொல்லுங்க சார்” என்றாள். எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். விடும்மா, போகட்டும் என்று அவர் சொல்வார் என்று சின்னவளே எதிர்பார்த்தாள். காலையிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “இருபத்தஞ்சு நிமிஷம் நின்னிருக்கா” என்றார். பிறகு, “உக்காருங்கம்மா” என்றார்.

அதட்டலே இல்லாத குரல். முதலாளியம்மா உட்கார்ந்துவிட்டாள்.

மயான வண்டிக்காரர் வாசலில் எட்டிப் பார்த்துவிட்டு ஓசைப்படாமல் பின்வாங்கினார். சீருடையில் வந்திருந்த பெண்கள் தங்கள் முதலாளியம்மாவின் தலைமேல் கிடந்த கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருத்திக்காவது கண் கலங்கியிருக்கும். சின்னவளுக்குத் தோள் கழன்று விழுவதுபோல வலித்தது. வலிக்கட்டும் என்று நின்றாள்.

இருபத்தைந்து நிமிடமெல்லாம் அந்த அம்மாள் தாக்குப்பிடிக்கவில்லை. பதினோராவது நிமிடம் விருட்டென்று எழுந்தாள். கை நழுவிக் காதோரம் இழுபட்டு விழுந்தது. ஒரு பக்கம் நசுங்கிப்போன தலைமுடியோடு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கிப் போனாள். அவளோடு வந்தவர்களில் ஒருத்தி மட்டும்தான் பின்னால் போனாள்.

சின்னவள் காலியான நாற்காலியில் உட்கார்ந்தாள். மாமா ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். வாங்குவதற்கு இடது கையைத் தூக்கினாள். அது மரத்துப்போயிருந்தது, விரல்கள் மடங்க மறுத்தன. மடியில் கிடந்த அந்தக் கையை அவள் யாருடையதோ போலப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மாமா தம்ளரை அவளுடைய வலது கைக்கு மாற்றிக் கொடுத்தார். வண்டிக்காரர் மறுபடியும் தலையை நீட்டி, “நேரமாச்சுங்க” என்றார்.

“ஆவட்டும்” என்றார் மாமா. “கொஞ்சம் இருந்து எடுத்துட்டுப் போங்க.”