ஈயம் வைத்த கங்கை

மத்தியானச் சாப்பாடு ஆனதும் கங்கை வந்துவிடுகிறாள். குஷாய்குடாவில், லிஃப்ட் அடிக்கடி மக்கர் பண்ணுகிற அந்தக் கட்டடத்தின் மாடி ஏறி, வாசல் கதவின் அடியில் நுழைந்து, சோபாவைச் சுற்றிக்கொண்டு, கனகவல்லியின் கட்டில் வரைக்கும் வந்து நிற்கிறாள். ஆக்சிஜன் மெஷின் போடுகிற புஸ் புஸ்தான் அலைச் சத்தம். டி.வி. ஸ்டாண்டு இருந்த இடத்தில் படித்துறை. படிகளில் மஞ்சள் வெயில். கனகவல்லி புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு காலை நனைத்துப் பார்ப்பாள். ஜில்லென்று இருக்கும். அடுத்த காலை வைப்பதற்குள் யாராவது "மாத்திரை" என்று எழுப்பித் தொலைப்பார்கள்.

அந்த மாத்திரை பண்ணுகிற வேலைதான் இது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. மூச்சுத் திணறல் தெரியாமல் இருக்கக் கொடுக்கிற மருந்து, கண்ணைச் சொருகும், எதையாவது காட்டும். காட்டினால் காட்டிவிட்டுப் போகட்டுமே. டிக்கெட் எடுக்காமல் காசிக்குப் போய்வந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

நுரையீரல் நாராக இறுகிக்கொண்டு வருகிறது, இனி இளகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நல்ல மனுஷர், மென்று முழுங்கவில்லை. அடுத்த தடவை மூச்சு ரொம்ப முட்டினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் தொண்டையில் குழாய் இறக்கி வென்டிலேட்டரில் போடலாம். போட்டால் மறுபடி எடுக்க முடியுமா என்பது சந்தேகம். இல்லையென்றால் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, திணறல் தெரியாமல் மருந்து கொடுத்து, போகிற உயிரை நிம்மதியாகப் போக விடலாம். புத்தி தெளிவாக இருக்கும்போதே எது வேண்டும் என்று எழுதி வைத்துவிடுங்கள், அன்றைக்கு உங்களால் பேச முடியாவிட்டால் உங்களுக்காகப் பேச ஓர் ஆளையும் சொல்லுங்கள் என்றார்.

வீடுதான், குழாய் வேண்டாம் என்பதில் கனகவல்லிக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. கஷ்டமெல்லாம் அந்த ஆள் விஷயத்தில்தான்.

அவள் மனதில் இருந்த ஆள் அவள் புருஷன் வைத்தியநாதன். தங்கமான மனுஷர். பக்கத்திலிருக்கும் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பற்றவைப்புப் பிரிவைப் பார்த்துக்கொண்டு ரிட்டயர் ஆனவர். அவரிடம் ஒரே ஒரு கோளாறு. ஜன்மத்தில் யாரிடமும் 'வேண்டாம்' என்று சொன்னது கிடையாது. வாசலில் வந்து நின்றவனிடம் வேண்டாம் என்று சொல்ல வராமல் வாங்கிய வாட்டர் ஃபில்டர்கள் பரணில் தூங்குகின்றன. தொழிற்சாலையில் ஒன்றுக்கொன்று ஆகாத யூனியன்கள் எல்லாவற்றுக்கும் சந்தா கட்டியவர். அன்றைக்கு ஆம்புலன்ஸ்காரன் வந்து "ஏற்றட்டுமா?" என்று கேட்டால், "ஏத்துங்கோ, பாவம், அவ்வளவு தூரம் வந்திருக்கேள்" என்றுதான் சொல்வார்.

பூஜை அலமாரியில் ஒரு செப்புச் சொம்பு இருந்தது. காசியிலிருந்து கொண்டுவந்த கங்கை. பிராணன் போகிற நேரத்தில் திறந்து வாயில் விட வேண்டும் என்று வீட்டுக்கு வீடு வைத்திருப்பதுதான். ஆனால் இந்த வீட்டுச் சொம்பின் கதையே வேறு. காசிக் கடைக்காரன் மூடியில் வைத்த ஈயம் ரயிலிலேயே கசிந்துவிட்டது. ஆயுசு முழுக்க ஈயத்தோடு குடித்தனம் பண்ணியவருக்கு அது பொறுக்குமா? வீட்டுக்கு வந்த கையோடு சால்டரிங் அயனைச் சுடவைத்து, ராக்கெட்டுக்கு வைக்கிற மாதிரி சுற்றிலும் ஈயம் ஓட்டி அடைத்துவிட்டார். மற்ற வீட்டுச் சொம்புக்கு ஓர் ஆணியும் சுத்தியலும் போதும். இதைத் திறக்க அவரேதான் வர வேண்டும்.

வாயில் குழாயைச் செருகி வைத்திருந்தால் கங்கையை எங்கே விடுவது? கனகவல்லியின் வாதம் அவ்வளவுதான். டாக்டரிடம் சொன்னால் சிரிப்பார் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சுதர்சன் வந்தான். ஒரே பிள்ளை, கச்சிபௌலியில் வேலை. ஊரின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு டிராஃபிக்கில் நீந்தி வந்து சேர்ந்தபோது முகம் வாடியிருந்தது. நர்ஸ் ஆக்னஸ் கனகவல்லியின் விரலில் கிளிப்பை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெட்டுகுடா ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த பெண், தமிழுக்கு நடுவே அந்த ஊர் உருது எட்டிப் பார்க்கும்; வீட்டோடு வந்து பார்த்துக்கொள்கிறவள்.

"ஒரு ட்ரைகூடப் பண்ணாம விட்டுடறதாம்மா? ப்ளீஸ்மா. ஆஸ்பத்திரில நான் பேசி வெச்சிருக்கேன்" என்றான் சுதர்சன்.

"எதுக்குடா ட்ரை? புதுசா நுரையீரல் முளைக்கப் போறதா?"

"ஆக்னஸ், நீங்களாவது சொல்லுங்க."

"நான் என்னங்க சொல்றது" என்றாள் ஆக்னஸ். "ஹவ், ஆமா, ஆஸ்பத்திரில போட்டா கொஞ்ச நாள் கூட ஓடலாம். இங்கயே இருந்தா அம்மாக்கு மூச்சு முட்டாம நாங்க பாத்துக்குவோம், அதுவும் நிஜம். எது வேணும்ங்கறத நீங்கதான் பேசிக்கணும்."

சுதர்சன் அப்பாவிடம் திரும்பினான். "நீ என்னப்பா சொல்றே?"

வைத்தியநாதன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவன் சொல்றதும் வாஸ்தவம்தான், கனகா. நீ சொல்றதும்..."

கனகவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடம்பில் தெம்பு இருந்திருந்தால் எழுந்து போய்க் கதவைச் சாத்தியிருப்பாள்.

"விளக்கெண்ணெய்ல வெண்டைக்காய வதக்கினாப்ல பேசாதீங்கோ. அந்தச் சொம்ப எடுங்கோ."

"எதுக்கு?"

"தொறங்கோ."

"அபசகுனமாப் பேசாதே. அத இப்போ தொறக்கப்படாது. அது... அதுக்குன்னு ஒரு நேரம் இருக்கு."

"அந்த நேரத்துல ஒங்க ஈயத்த யார் பிரிப்பா? நான் இங்க இழுத்துண்டு கெடக்கறப்போ நீங்க அங்க பிளக் பாயிண்ட் தேடிண்டு இருப்பேளா?"

ஆக்னஸ் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சுதர்சனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வைத்தியநாதன் மட்டும் சிரிக்கவில்லை. சொம்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் போட்டு வைத்திருக்கும் முடிச்சு கனகவல்லிக்குத் தெரியும். அந்த மூடி திறக்காதவரைக்கும் இவளுக்கு ஒன்றும் ஆகாது என்று மனுஷர் நம்பிக்கொண்டிருக்கிறார். தினம் காலையில் பூ வைக்கிற சாக்கில் ஈயத்தைத் தடவிப் பார்ப்பதை அவள் கட்டிலிலிருந்தே கவனித்திருக்கிறாள். பாவமாக இருந்தது. அழுகையும் வந்தது.

"ஏன்னா," என்றாள், குரலை இறக்கி. "அப்போ வாய்ல விட்டா எனக்கு என்ன தெரியப்போறது? இப்போ நாக்குல ருசி இருக்கு. ஒங்க மொகம் தெரியறது. இப்பவே குடுங்கோளேன்."

வெகுநேரம் கழித்து அவர் பரணிலிருந்து பெரிய சால்டரிங் அயனை எடுத்தார். சொம்பை மேஜைமேல் வைத்து, சாமி கும்பிட்டு, பிளக்கைச் செருகினார். சூடு ஏற ஏற, ஈயத்தோடு சேர்த்து உருக்குகிற குங்கிலியத்தின் புகை கிளம்பியது. எத்தனை வருஷமாக அவர் சட்டையில் ஊறியிருந்த வாசனை! கனகவல்லிக்குக் கண் சொருகிற்று. இந்தத் தடவை கங்கை மெதுவாக வந்தாள். இடுப்பளவு தண்ணீரில் வைத்தியநாதன் நின்றுகொண்டிருந்தார், கல்யாணமான புதிதில் வைத்திருந்த மீசையோடு. கையில் அதே அயன். தண்ணீரைத் தொட்ட இடமெல்லாம் வெள்ளியாக இளகி ஓடியது. "ஏன்னா, ஷாக் அடிக்கப் போறது" என்று அவள் கத்தினாள். அவர் "பயப்படாதே" என்று சிரித்தார். தண்ணீருக்குமேல் புகை பரவிக்கொண்டே போயிற்று. அக்கரை தெரியவில்லை, இருந்தும் பயமாக இல்லை.

டக்கென்று மூடி மேஜைமேல் விழுந்த சத்தத்தில் விழித்துக்கொண்டாள்.

சொம்பில் தண்ணீர் இருந்தது. குறையாமல், கலங்காமல் இருந்தது. சுதர்சன் எட்டிப் பார்த்துவிட்டுப் பதறினான். "அம்மா, குடிக்காதே. உள்ள ஈயம் எறங்கியிருக்கும், ஒடம்புக்கு ஆகாது."

"இனிமே எனக்கு என்னடா ஆகணும்?" என்று கனகவல்லி சிரிக்கப் போக, இருமல் பிடித்துக்கொண்டது.

"நக்கோம்மா, பேச வேணாம், மெதுவா, மெதுவா" என்று ஆக்னஸ் முதுகைத் தாங்கி உட்கார வைத்தாள்.

வைத்தியநாதன் பூஜைக் கரண்டியான உத்தரணியில் மொண்டு கொண்டுவந்தார். கங்கையை வாயில் விடும்போது நாராயண நாமம் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. "அத அன்னிக்குச் சொல்லிக்கலாம்" என்று கனகவல்லி வாயை நீட்டிக் குடித்தாள். செப்பு வாசனை அடித்தது. மற்றபடி வெறும் தண்ணீர்தான். தொண்டை வழியாக இறங்குவது தெரிந்தது; ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

பிறகு அவர் கையிலிருந்து உத்தரணியை வாங்கிக்கொண்டாள். சொம்பில் தானே மொண்டாள்.

"வாயத் தொறங்கோ."

"எனக்கு எதுக்குடி?"

"எனக்கு அன்னிக்கு நீங்க பக்கத்துல இருப்பேள். ஒங்களுக்கு அன்னிக்கு நான் இருக்க மாட்டேனே. என் கையால நான் எப்போ விடறது?"

வைத்தியநாதன் கட்டிலோரம் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். அவள் கை ஆடியதில் பாதி உள்ளே போயிற்று, பாதி மோவாயில் வழிந்தது. அவர் விழுங்கிவிட்டு நிமிர்ந்தார்.

"சுதா."

"என்னப்பா?"

"டாக்டருக்குப் போன் போடு. அவளுக்காகப் பேசற ஆள் நான்தான்னு சொல்லு. கொழாய் வேண்டாம். ஆஸ்பத்திரி வேண்டாம். ராத்திரி பகல் யார் வந்து கேட்டாலும் நானே சொல்லிக்கறேன், வேண்டாம்னு."

சுதர்சன் அழுதுகொண்டே போனை எடுத்தான். கனகவல்லி புடவைத் தலைப்பை இழுத்து, அவர் மோவாயில் வழிந்த ஈரத்தைத் துடைத்துவிட்டாள்.