ஊட்டுப் பக்கம், பையர் பக்கம்

புதன்கிழமை காலை எட்டே முக்காலுக்கு அபிராமி பனியன் கம்பெனியின் டைம் ஆபீஸில், தொழிலாளர் வருகை நேரம் பார்க்கும் அறையில், கம்ப்யூட்டரைப் போட்டபோது நீலத்திரை வந்தது. டி டிரைவைச் சரிபார்க்கப் போகிறேன், வேண்டாமென்றால் பத்து வினாடிக்குள் ஏதாவது ஒரு பட்டனைத் தட்டு என்று ஆங்கிலத்தில் கேட்டது. அவள் தட்டவில்லை. செல்போனில் அம்மா அழுதுகொண்டிருந்தாள்.

அம்மா ஒச்சம்மாள் போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு பேக்கரி வாசலில் உட்கார்ந்திருந்தாள். அபிராமியின் தம்பி ராஜ்கமல் முந்தின நாள் மாலை ஆறு மணியிலிருந்து ஸ்டேஷனுக்குள் இருந்தான். திங்கட்கிழமை இரவு எட்டே முக்காலுக்கு மங்கலம் ரோட்டில் நூல் ஏற்றி வந்த வேனை நாலு பேர் மறித்து, டிரைவரின் மண்டையை உடைத்துவிட்டு மூட்டைகளை இறக்கிக்கொண்டு போயிருந்தார்கள். அதில் ஒருத்தன் மதுரைப் பக்கத்துப் பேச்சு பேசினான், காதில் கடுக்கன் போட்டிருந்தான் என்று டிரைவர் ஆஸ்பத்திரியில் சொன்னார். உசிலம்பட்டியிலிருந்து வந்து ஐந்து வருஷமாகியும் ராஜ்கமலின் பேச்சு மாறவில்லை. கடுக்கனும் போட்டிருந்தான். மங்கலம் ரோட்டில்தான் அவர்கள் குடியிருந்தார்கள்.

திங்கட்கிழமை இரவு அந்த எட்டே முக்காலுக்கு அவன் இந்த பனியன் கம்பெனியில் தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங் செக்‌ஷனில் நின்றுகொண்டிருந்தான். சரக்கைக் கப்பலில் ஏற்ற வேண்டிய தேதி நெருங்கிவிட்டதால் கேட்டைப் பூட்டி, பரோட்டாவை உள்ளேயே வரவழைத்து, பன்னிரண்டே முக்கால் வரை வேலை நடந்தது. ஆனால் கம்பெனியோ அவன் ஐந்தரைக்கே போய்விட்டதாகப் போலீசிடம் சொல்லியிருந்தது.

அப்படிச் சொல்லக் காரணமான பட்டியலைத் தயார் செய்தவள் அபிராமி.

டைம் ஆபீஸில் இருந்த கம்ப்யூட்டர் ஒன்றுதான். அதற்குள் இரண்டு சிஸ்டம் இருந்தன. போட்டதும் கறுப்புத் திரையில் ஒன்று, இரண்டு என்று வரும். ஒன்றைத் தட்டினால் விண்டோஸ். வாசலில் கார்டு தேய்க்கும் மெஷினிலிருந்து வரும் உண்மையான நேரமெல்லாம் அதில்தான் திறக்கும். சம்பளம் அதை வைத்துத்தான். ஆபீஸில் அதற்கு ஊட்டுப் பக்கம், அதாவது வீட்டோடு வைத்துக்கொள்ளும் பக்கம், என்று பெயர். இரண்டைத் தட்டினால் லினக்ஸ். அதில் எல்லோரும் ஒன்பதுக்கு வந்து ஐந்தரைக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் வரவில்லை. அது பையர் பக்கம். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆடிட் ஆட்கள், தொழிலாளரை எத்தனை மணி நேரம் வேலை வாங்குகிறார்கள் என்று பார்க்க வரும்போது திறப்பதற்கென்று வைத்தது. தொழிலாளர் பெயர், போட்டோ, டோக்கன் எண் இரண்டு பக்கத்துக்கும் பொது என்பதால் அவற்றை டி டிரைவில் போட்டிருந்தார்கள். மெஷினிலிருந்து இறக்கும் நேரக்குறிப்பும் அங்கேயே சேர்ந்தது. இறக்கிய கையோடு மெஷின் தன்னிடம் இருப்பதை அழித்துவிடும்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் திங்கட்கிழமை இரவின் குறிப்பை இறக்கி முடித்த சற்று நேரத்தில் வாட்ச்மேன் பெல்லை இரண்டு தடவை அழுத்தினார். ஆடிட்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். வாசலிலிருந்து ஆபீஸுக்கு நடந்துவர மூன்று நிமிஷம். விண்டோஸை முறையாக மூடினால் அதற்கே ஐந்து நிமிஷம் போய்விடும். அதனால் அவள் ஒரு வருஷமாக ஒரு குறுக்குவழி வைத்திருந்தாள். மூடுவதில்லை, ஹைபர்னேட் செய்து தூங்க வைத்துவிடுவாள். அரை நிமிஷத்தில் பக்கம் மாறிவிடலாம். இதுவரை ஒன்றும் ஆனதில்லை. ஏனென்றால் இதுவரை வந்தவர்கள் பையர் பக்கத்தைப் பார்த்துவிட்டு மட்டும் போனார்கள், அங்கிருந்து டி டிரைவில் எதையும் எழுத வேண்டி வரவில்லை. இந்தத் தடவை வந்த பெண், செக்கிங் செக்‌ஷன் முழுவதுக்கும் நேற்று வரை பதினைந்து நாள் நேரத்தை பிரிண்ட் எடுத்து, சிடியிலும் போட்டுத் தரச் சொன்னாள். அபிராமி பட்டியலை உருவாக்கி டி டிரைவில் சேமித்தாள். சாயங்காலம் தூங்கிக்கொண்டிருந்த விண்டோஸை எழுப்பினாள். காலையில் பார்த்த டி டிரைவைத்தான் அது இன்னும் நினைவில் வைத்திருந்தது. நடுவில் வேறொரு கை அங்கே எழுதியது அதற்குத் தெரியாது. தன் பழைய கணக்கை அதன்மேல் எழுதி டி டிரைவையே குழப்பிவிட்டது.

அதற்கு முன்பே, செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குப் போலீஸ் போன் செய்தபோது அந்தப் பட்டியல் மேனேஜர் ரத்தினசாமியின் மேஜையில் இருந்தது. ஆடிட்காரப் பெண் எதிரே உட்கார்ந்திருந்தாள். ரத்தினசாமி வரிசையில் விரலை ஓட்டி, ராஜ்கமல், டோக்கன் ஆயிரத்து முந்நூற்று எண்பத்தாறு, திங்கட்கிழமை ஐந்தரைக்கு வெளியே என்று படித்தார்.

நீலத்திரை ஓடி முடித்து விண்டோஸ் வந்ததும் அபிராமி டி டிரைவைத் திறந்தாள். அவளுக்குத் தெரிந்த ஃபோல்டர் ஒன்றுகூட இல்லை. புதிதாக ஒன்று மட்டும் இருந்தது. அதற்குள் வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட அறுநூற்றுப் பன்னிரண்டு ஃபைல். ஒன்றைத் திறந்தாள். ஒரு தொழிலாளியின் போட்டோ நெற்றி வரை வந்து, அதற்குக் கீழே சாம்பல் நிறமாக இருந்தது. இன்னொன்று திறக்கவே இல்லை.

மாலை ஐந்து மணிக்குள் ராஜ்கமலை மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோவார்கள் என்று அம்மா சொல்லியிருந்தாள். கம்பெனி எழுத்து ஏதாவது இருந்தால் அதற்கு முன்னால் கொண்டுவரச் சொல்லி இன்ஸ்பெக்டர் சொன்னாராம். கூட வேலை பார்த்த பையன்கள் சொல்வதை அவர் கேட்கத் தயாராக இல்லை.

ராயபுரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்த செந்தில்வேல் பத்தரைக்கு வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு பக்கத்தையும் அமைத்துக் கொடுத்தவர் அவர்தான். வந்ததும் கேட்காமலேயே சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். ஊட்டுப் பக்கம் ஓடுகிற ஒவ்வொரு நிமிஷமும் அது எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும், எழுதும் இடத்தில் என்ன கிடந்ததோ அது போய்விடும் என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நடந்ததைக் கேட்டார்.

“ஏனுங்க அம்மிணி, மூடாம அந்தப் பக்கம் போகாதீங்கன்னு நானு படிச்சுப் படிச்சுச் சொன்னனுங்களே.”

“பெல்லு அடிச்சா மூணு நிமிசந்தாண்ணே. அது அணையுறதுக்குள்ள அவுக மேசைக்கு வந்துருவாக.”

“செக் பண்றதையாச்சும் நிறுத்தியிருக்கலாமுங்க. அது ரிப்பேர் பண்றேன்னு வந்து, ஊட்டச் சுத்தம் பண்றேன்னு சொல்லி சாமானெல்லாம் மூட்டை கட்டி வெச்சிருக்குது. எந்த மூட்டைல என்னன்னு அதுக்கே தெரியாது.”

அவள் கையில் செல்போன் அதிர்ந்துகொண்டிருந்தது. அம்மா. எடுக்கவில்லை.

செந்தில்வேல் கடையிலிருந்து கொண்டுவந்த புது ஹார்ட் டிஸ்க்கைப் பொருத்தி, பையர் பக்கத்தைத் திறந்து, டி டிரைவைத் தொடாமல் அப்படியே அச்சாகப் புது டிஸ்க்குக்கு நகல் எடுக்க ஆரம்பித்தார். தேடுவதெல்லாம் நகலில்தான். நகல் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நடுவில் பதினோரு மணிக்கு மின்சாரம் போனது. யூபிஎஸ் கூவியது. ஜெனரேட்டர் பிடிக்கும் வரை இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பிடித்தது. எண்கள் ஏறிக்கொண்டே இருந்தன.

பெயர்கள் போய்விட்டன, ஃபோல்டர் போய்விட்டது, ஆனால் எழுத்து டிஸ்க்கில் எங்காவது கிடக்கும் என்று அவர் விளக்கினார். மெஷினிலிருந்து இறங்குவது படமோ சிக்கலான ஃபைலோ அல்ல. வெறும் எண்கள்தான். டோக்கன், தேதி, நேரம். அதனால் டிஸ்க்கின் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வரிசையாகப் படித்து, 1386 என்று வரும் இடத்தையெல்லாம் பிடிக்கலாம்.

பிடித்தது. முதலில் நூற்றுக்கணக்கில் வந்தன. ஜூலை, ஆகஸ்ட், தீபாவளிக்கு முந்தின வாரம். தம்பி வேலைக்கு வந்த நாளெல்லாம் திரையில் மேலே ஓடியது. பல நாள் இரவு ஒரு மணிக்குப் போயிருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். இத்தனை நாள் என்று பார்த்ததில்லை. செந்தில்வேல் திங்கட்கிழமையின் தேதியான நவம்பர் பதின்மூன்றையும் சேர்த்துத் தேடச் சொல்லி மறுபடி ஓட்டினார்.

பன்னிரண்டரைக்கு ஒரு வரி வந்தது. ராஜ்கமல், 1386, பதின்மூன்று, உள்ளே ஒன்பது, வெளியே ஐந்தரை.

அபிராமி அதை இரண்டு தடவை படித்தாள். மெஷின் பெயர் எழுதாது. பெயர் போட்டு அழகாகக் கட்டம் கட்டியது அவள்தான். நேற்று ஆடிட்காரப் பெண்ணுக்குச் சேமித்த பட்டியல். டிஸ்க்கில் எத்தனையோ போயிருக்க, அது ஒரு எழுத்துகூடக் குறையாமல் இருந்தது.

“இது நாம பண்ணுனதுங்க,” என்றார் செந்தில்வேல் மெதுவாக. “அசல் இருந்த இடத்து மேலயே இது உக்காந்திருச்சுன்னா, தேடிப் பிரயோசனம் இல்லீங்க.”

தேடல் ஓடிக்கொண்டே இருந்தது. ஒன்றேகாலுக்கு இன்னொரு வரி. பெயரில்லை. 1386, பதின்மூன்றாம் தேதி, காலை எட்டு இருபத்தாறு. மெஷினின் வரி. உள்ளே வந்த நேரம். அதற்கு மேல் எதுவும் இல்லை. டிஸ்க்கின் கடைசிக்குப் போய்த் தேடல் நின்றது. வெளியே போன நேரம் இல்லை. வந்ததைக் காட்டினால் என்ன பயன்? வந்ததில் யாருக்கும் சந்தேகமில்லை.

செந்தில்வேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ராயபுரம் கடையில் இருக்கும் வேறொரு மென்பொருளை முயன்று பார்க்கலாம், ஆனால் அதற்கு ஒரு நாள் ஆகும் என்றார். அபிராமி செல்போனில் மணி பார்த்தாள். நாளைக்கு அவன் கோவை ஜெயிலில் இருப்பான். அதற்குள் ஸ்டேஷனில் எதற்கெல்லாம் கையெழுத்துப் போடுவான் என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. ராஜ்கமல் அடிக்குப் பயந்தவன். பள்ளிக்கூடத்தில் அவன் செய்யாத தப்பையெல்லாம் ஒப்புக்கொண்டு வந்திருக்கிறான்.

மாசக் கடைசியில் சம்பளம் போடும்போது அவளுக்கு வழக்கமாக வரும் தலைவலி ஒன்று உண்டு. நள்ளிரவைத் தாண்டிப் போகிறவர்களின் நேரம் அடுத்த நாள் தேதியில் விழுந்திருக்கும். ஒவ்வொன்றாகப் பிடித்து முந்தின நாளில் சேர்க்க வேண்டும்.

“அண்ணே, பதினாலாந் தேதி போடுங்க. பன்னெண்டு மணிக்கு மேல போனா மெசினு மறுநாத் தேதிதான் அடிக்கும்.”

இரண்டு மணிக்கு வந்தது. துண்டாகத்தான் வந்தது. மேலே பாதி போட்டோவின் குப்பை, நடுவில் ஒரு வரி பாதியிலிருந்து ஆரம்பித்து, பிறகு ஒழுங்காக நாற்பத்திரண்டு வரிகள். எல்லாம் பன்னிரண்டு நாற்பத்துநாலிலிருந்து பன்னிரண்டு ஐம்பத்தொன்றுக்குள். பத்தாவது வரி 1386. பன்னிரண்டு நாற்பத்தேழு. காலையில் உள்ளே வந்த வரிக்கும் இதற்கும் நடுவில் அவன் கார்டைத் தேய்த்ததாக டிஸ்க்கில் எங்கும் இல்லை.

பிரிண்டை எடுத்துக்கொண்டு அவள் ரத்தினசாமியின் அறைக்குப் போனாள். ஆடிட்காரர்கள் அன்று இரண்டாவது யூனிட்டுக்குப் போயிருந்தார்கள், நாளை மறுபடி வருவார்கள். ரத்தினசாமி காகிதத்தை முழுக்கப் படித்தார். உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. கம்பெனி சீலும் ஒரு கையெழுத்தும் வேண்டுமென்றாள்.

“நேத்து அஞ்சரைன்னு சொன்னவனே நாந்தான் கண்ணு. இன்னைக்கு இதுல சீல் வெச்சா, எது பொய்யின்னு கேப்பாங்கல்ல? இந்தத் தாளு கோர்ட்டுக்குப் போனா நாளைக்கு பையர் கைக்குப் போகும். அறுநூறு பேரு இருக்கறாங்க.”

அவர் குரலை உயர்த்தவில்லை. வக்கீல் வைப்பதாகச் சொன்னார், கம்பெனி செலவு. ஒரு வாரத்தில் ஜாமீனில் எடுத்துவிடலாம் என்றார். அவன் வேலை அப்படியே இருக்கும் என்றார்.

“ஒரு வாரத்துல அவன ஒத்துக்க வச்சிருவாய்ங்க சார்.”

ரத்தினசாமி காகிதத்தைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். கிழிக்கவில்லை. பிடுங்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. சீல் இருந்த டிராயரின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

அவள் டைம் ஆபீஸுக்கு வந்தபோது செந்தில்வேல் நகல் டிஸ்க்கைக் கழற்றி ஒரு துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். டிஸ்க்கை அவளிடம் கொடுத்தார். சீல் இல்லாத தாளை யாரும் நம்பமாட்டார்கள், இதை வேண்டுமானால் அவர்களே யாரையாவது வைத்துப் படித்துக்கொள்ளட்டும் என்றார். டிஸ்க்குக்குக் காசு வாங்கவில்லை. படியில் இறங்கும்போது நின்றார்.

“எம் பேரு மட்டும் வேண்டாமுங்க அம்மிணி. இந்த மாதிரி இன்னும் பதினோரு கம்பெனிக்குப் போட்டுக் குடுத்திருக்கறேன்.”

அவள் தலையாட்டினாள்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் சாப்பிடப் போயிருந்தார். மூன்றரைக்கு வந்தார். அம்மாவை உள்ளே விடவில்லை. ராஜ்கமல் உள்ளறைச் சுவரோரம் ஜட்டியோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அக்காவைப் பார்த்ததும் முகத்தை முழங்காலுக்குள் வைத்துக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் காகிதத்தைப் பார்த்தார். சீல் எங்கே என்றார். அவள் துணியைப் பிரித்து டிஸ்க்கை மேஜைமேல் வைத்தாள். பக்கத்தில் நின்ற ஏட்டு அதை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, காகிதத்திலிருந்த நேரங்களைப் படித்தார்.

“ராத்திரி ஒரு மணி வரைக்கும் பொம்பளைப் புள்ளைங்களயும் வெச்சு வேலை வாங்கறானா? கம்பெனியா அது, கொட்டடியா?”

இன்ஸ்பெக்டர் தன் ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். மேனேஜர் சொன்னதைப் போனில் குறித்துக்கொண்டது. ஐந்தரை. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இது யார் எடுத்தது?”

“நாந்தான் சார்.”

“அஞ்சரைன்னு இருக்கற அந்த லிஸ்ட்?”

“அதுவும் நாந்தான் சார்.”

அவர் அவளை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். சுவர்க் கடிகாரத்தையும் பார்த்தார். ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவள் பக்கம் நகர்த்தினார். எப்படி இரண்டு லிஸ்ட் வந்தது, யார் சொல்லிச் செய்தது, முழுக்க எழுதிக் கையெழுத்துப் போடு என்றார். இந்த நாற்பத்திரண்டு டோக்கனும் யார் யார் என்று பெயரும் எழுது, இவனைத் தவிர மீதி நாற்பத்தோரு பேரையும் கூப்பிட்டு விசாரிப்பேன், ஒரே மாதிரி சொன்னால் பார்க்கலாம் என்றார். விட்டுவிடுகிறேன் என்று சொல்லவில்லை. ஆனால் மாஜிஸ்திரேட்டிடம் போக வேனை எடுக்கச் சொல்லக் கிளம்பிய ஏட்டைக் கையைக் காட்டி நிறுத்தினார்.

நாற்பத்தோரு பேரில் பதினாலு பேர் பெண்கள். அவர்களுடைய வீட்டுக்குப் போலீஸ் போகும். இந்த வாரமே கம்பெனி அவர்களை நிறுத்திவிடலாம். நாற்பத்தெட்டு என்ற டோக்கன் மாரக்காளுடையது, புருஷன் இல்லாதவள், இரண்டு பிள்ளைகள். பெயரைப் பார்க்காமலேயே எல்லா எண்ணும் அபிராமிக்குத் தெரியும்.

அவள் தாளை நேராக வைத்துக்கொண்டு முதலில் தன் பெயரை எழுதினாள். பிறகு அப்பா பெயர், விலாசம், வேலை. டைம் ஆபீஸ் என்று எழுதியதும் பேனா நின்றது. உள்ளறையில் ராஜ்கமல் இருமினான். அவள் அடுத்த வரிக்கு வந்து, நாற்பத்தெட்டு, மாரக்காள் என்று எழுதினாள்.